பிடுங்கி நட்ட பச்சை

கிடங்கை மூடின பிறகும் நாற்றம் போகவில்லை.

கனிம மணல் எடுக்க வந்த கம்பனிக்காரர் மாதிரிக்கு என்று தோண்டிய கிடங்கு அது. மன்னார்த் தீவின் தென்கரையில், எங்கள் ஊர் வீடுகள் முடிந்து பனங்கூடல் தொடங்குகிற இடத்தில், பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் அளவுக்கு மணலை அள்ளினார்கள். தண்ணீர் விட்டுச் சலித்து, அதிலிருந்த கறுத்த மணலை மட்டும் பிரித்து ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொட்டினார்கள். தோண்டிக் கிடந்த நாட்களில் அதற்குள் உவர்த்தண்ணீர் ஊறி நின்றது. குடிக்க இறங்கிய கழுதை ஒன்று, கரை இடிந்து இடிந்து விழ, ஏறமுடியாமல் சேற்றுக்குள் நின்றபடி செத்துப்போனது. தீவுக் கழுதைகள் ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆகவே அதைத் தூக்கிப் புதைப்பது ஒருவருடைய வேலையும் இல்லை. மண் அள்ளும் பெக்கோ இயந்திரக்காரன் அதன் மேலேயே மணலைத் தள்ளிவிட்டான். ஊதின வயிறு ஒருநாள் மணலுக்கு அடியில் வெடித்ததாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது நாற்றம் மட்டும்தான்.

அந்த இடத்தில்தான் பிறகு ‘வாழிட மீளமைப்பு’ என்று பெயர்ப்பலகை நட்டார்கள். பலகையில் ஒரு பூநாரை, ஒரு கடலாமை, ஒரு சின்னப்பிள்ளை. மூன்றும் சிரித்துக்கொண்டு நின்றன.

கம்பனியின் பேச்சு இதுதான்: சலித்துப் போட்ட நிலத்தை முன்பு இருந்தது போலப் பச்சையாக்கிக் காட்டுவோம், அரசாங்க ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்றால், அடுத்தது பக்கத்தில் இருக்கிற பெரிய திட்டி. திட்டி என்று நாங்கள் சொல்வது, கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல்மேட்டை. அதன் பின்பக்கத்து முதல் வீடு என் அக்காவுடையது. அவளுடைய கிணறு ஊரில் மிஞ்சியிருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறுகளில் ஒன்று. இறங்கி நின்றால் தலை வெளியே தெரியும், அவ்வளவுதான் ஆழம். மாரி மழையைத் திட்டி உறிஞ்சி வைத்துக்கொண்டு வருசம் முழுக்கக் கசியவிடுகிறது. அதுதான் அந்தக் கிணறு. திட்டியை அள்ளினால் கிணறு உவராகும். கிணறு உவரானால் அக்கா அந்த வீட்டில் இருக்க முடியாது. சண்டைக் காலத்தில் தறப்பாள் கூடாரத்துக்குள் வளர்ந்தவள் அவள். கல்வீடு என்று அவள் கண்டது அது ஒன்றைத்தான்.

இதை விளங்கிக்கொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பட்டம் எடுத்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததே எங்களைச் சேர்க்கத்தான். அக்கா இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் படிப்பை விட்டாள். நான் உயிரியல் படித்துவிட்டு, வேலைக்குக் காத்திருந்துகொண்டு, பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊருக்குள் இங்கிலீசில் எது வந்தாலும், மருந்துக் குப்பியானாலும் மோட்டர் பெட்டியானாலும், என்னிடம்தான் வரும். ஆகவே கம்பனி வந்தபோதும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நான் பார்த்தது ஆலாக்களை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மழையில்லாத மாதங்களில், கையளவு வெள்ளைக் குருவிகளாய்ச் சின்ன ஆலாக்கள் திட்டிக்கு வந்து முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் நெஞ்சால் ஒரு பள்ளம், அதற்குள் முட்டை. எங்கள் கடற்கரை மணல் வெள்ளையும் கறுப்பும் கலந்தது. முட்டையும் அதே மாதிரிக் கறுப்புப் புள்ளி போட்டது. காலடியில் இருந்தாலும் தெரியாது. சின்ன வயதில் நாங்கள் திட்டியில் நடக்கும்போது கீழே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்போம். பார்க்காமல் கிட்டப் போனால் தாய்க்குருவி தலையில் கொத்தும், அல்லது மேலே பறந்தபடி எச்சமடிக்கும்.

சலித்துப் போட்ட மணலில் கறுப்பு இல்லை. அது முழுக்க வெளுப்பு, அரிசி மா மாதிரி. திறந்த வெளி என்று நம்பி அந்த வருசம் சில சோடிகள் அங்கேயும் இறங்கின. வெளுத்த மணலில் அந்தப் புள்ளி முட்டைகள், வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்தது போல் தூரத்திலிருந்தே தெரிந்தன. எனக்குத் தெரிந்தால் காகத்துக்குத் தெரியாதா? கம்பனி ஆட்கள் சாப்பிட்டுவிட்டு எறிகிற சோற்றுப் பார்சலுக்கு ஏற்கெனவே காகக் கூட்டம் பழகியிருந்தது. சோறு முடிந்ததும் முட்டைக்குப் போயின. நான் போய்ப் பார்த்தபோது உடைந்த கோதுகளும், மஞ்சள் கரு காய்ந்து ஒட்டின மணலும், அதில் மொய்த்த எறும்பும்தான் கிடந்தன. பக்கத்தில் ஒரு கோழிக்கால் எலும்பு. தாய்க்குருவிகள் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தன.

கறுத்த மணலை எடுத்தால் நிலத்துக்கு ஒன்றும் ஆகாது, அது சும்மா கிடக்கிற பாரம் என்று கம்பனி கூட்டின ஊர்க் கூட்டத்தில் சொன்னவர்களின் வாய்கள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. வெற்றிலை போடாத, சுத்தமான வாய்கள்.

ஆனால் திட்டியில் இன்னும் ஆலாக்கள் இருந்தன. இடையிடையே கொஞ்சம் வெறும் மணல் விட்டு, திட்டி முழுக்க அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மூடிக் கிடந்தன. அரசாங்க ஆட்கள் வந்தால் அவர்களைத் திட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், இதைப் பாருங்கோ, இது உயிரோடு இருக்கிறது, இதையா அள்ளப்போறியள் என்று காட்டுவதுதான் என் திட்டம். வேறு பெரிய யோசனை ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் கம்பனியின் களப்பொறுப்பாளர் மாதர் சங்கத்துக்கு வந்தார். வெளியூர்த் தமிழர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு, எல்லாரையும் அம்மா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். மீளமைக்கிற நிலத்தில் நட அடம்பன் கொடி வேண்டும், உள்ளூர்ச் செடிதான் நடவேண்டும் என்பது விதி, பிடுங்கி உரப்பையில் கட்டித் தந்தால் பைக்கு இவ்வளவு என்று சொன்னார்.

சங்கத்துக்குள் சிரிப்புத் தாங்கவில்லையாம். அக்கா பிறகு சொன்னாள். சங்கத் தலைவி எனக்கு மாமி முறை. அவதான் தொடக்கினாவாம்.

“அடம்பனுக்கும் காசு தாறாங்களடி. நாளைக்கு எருக்கலைக்கும் தருவாங்கள்.”

“அப்ப என்ர மனிசனையும் உரப்பையிலை கட்டிக் குடுக்கட்டோ மாமி? அதுவும் எவ்வளவு பிடுங்கி எறிஞ்சாலும் திரும்பி வாற சாமான்தான்.”

“உன்ர மனிசன் உள்ளூர்ச் செடியோடி? அங்காலை அரிப்பு ஊரிலையிருந்தெல்லோ கொண்டந்தனீ. விதிக்குச் சரிவராது.”

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் பிடுங்கினார்கள். ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கரைவலைச் சனம் நாங்கள். மாரி தொடங்கிக் கடல் அடங்குகிற காலத்தில், வலை இழுக்கிற பாதையிலும் வலை காயப்போடுகிற இடத்திலும் உள்ள அடம்பனை வருசாவருசம் பிடுங்கி ஒதுக்குவோம். கொடி வலையில் சிக்கினால் கண் அறுந்துவிடும். பிடுங்கின கையோடு மழை வரும். அடுத்த மாதமே கொடி பழையபடி மூடிவிடும். எங்கள் அம்மா, அம்மாவின் அம்மா எல்லாரும் பிடுங்கினார்கள். கொடி ஒருநாளும் வராமல் விட்டதில்லை. பிடுங்கினால் வரும் என்பது எங்களுக்குப் பகல் இரவு மாதிரி. ஆனால் மழையே இல்லாத சோளகத்தில் ஒருவரும் ஒருகாலமும் பிடுங்கிப் பார்த்ததில்லை. சோளகத்தில் அந்தக் கடலில் வலை போடுவதில்லை. பிடுங்கத் தேவை வந்ததில்லை. தேவையை இப்போதுதான் உரப்பையோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்கே பிடுங்குவது? கிட்ட எங்கே இருக்கிறதோ அங்கே. கிட்ட இருந்தது திட்டி.

அந்தக் கிழமை நான் ஒரு நேர்முகப் பரீட்சைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கி நடந்தபோது, காற்றில் மணல் முகத்தில் அடித்தது. இந்தத் தெருவில் அப்படி அடிப்பதில்லை. நிமிர்ந்து பார்த்தால் திட்டி மொட்டை. உச்சியிலிருந்து புகை எழும்புவது போல மணல் எழும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

பையை அக்கா வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஏறினேன். பிடுங்கின இடமெல்லாம் குழி குழியாகக் கிடந்தது. நான் தேங்காய்ச்சிரட்டை கவிழ்த்து அடையாளம் வைத்திருந்த முட்டைப் பள்ளங்களைத் தேடினேன். சிரட்டைகளே புதைந்து போயிருந்தன. ஒன்றைக் கையால் தோண்டி எடுத்தேன். பக்கத்தில் முட்டை இருந்தது. சூடு இல்லை. இன்னொரு இடத்தில் பொரித்துக் கொஞ்ச நேரமே ஆன குஞ்சு, வாய் திறந்தபடி, வாய்க்குள் மணல்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அக்கா குசினியில் கறிச்சட்டியை மூடியால் மூடி, மூடிக்கு மேல் துணியும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்திட்டியோ? நேர்முகம் எப்பிடி? ஐயோ, உதென்னடா கையிலை? எறி, எறி.”

“நீங்களோ பிடுங்கினது?”

“எதை?”

“திட்டியிலை.”

“ஓம். எல்லாரும்தான். ஏன்ரா?”

“ஏனோ? சட்டிக்கு ஏன் துணி போட்டனீங்கள்?”

அவள் துணியைப் பார்த்தாள். “காத்து கூட இந்த வருசம்.”

“காத்து கூட இல்லை அக்கா. மறிக்கக் கொடி இல்லை.”

“அது மாரிக்கு வருமடா.”

“மாரிக்கு எவ்வளவு கிடக்கு? அதுக்குள்ளை திட்டியே உங்கட கிணத்துக்குள்ளை வந்திடும்.”

“எனக்குப் படிப்பிக்காதை.” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாலு பொம்பிளையள் ரெண்டு பை கொடி பிடுங்கினதாலை திட்டி ஓடுமே? யாழ்ப்பாணம் போய் வந்து ஒரு தேத்தண்ணி கேக்கிறதில்லை, செத்த குஞ்சைக் கொண்டுவந்து சண்டை பிடிக்கிறாய்.”

பிறகு அவளே வெளியே வந்தாள். கிணற்றடிக்குப் போய்ச் சுற்றுக்கட்டின்மேல் கைவைத்துப் பார்த்தாள். கட்டின் திட்டிப் பக்கம் மணல் சாய்ந்து ஏறியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் மா தூவியது போல ஒரு படை. கட்டில் ஏறியிருந்த மணலைக் கையால் வழித்து வழித்து வெளியே தள்ளினாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் அருவருப்புப் போகவில்லை. அது எங்கே போய் ஒட்டுவது என்று தெரியாமல் நின்றது.

அடுத்த நாள் களப்பொறுப்பாளரிடம் போனேன். குளிரூட்டி பூட்டி மேசை போட்ட இரும்புப் பெட்டி ஒன்றுதான் அவருடைய கந்தோர். உள்ளே போனதும் வேர்வை விறைத்தது. கதிரை தந்தார், குளிர்ந்த சோடா தந்தார்.

“அண்ணை, ஒரு நிலத்தைப் பச்சையாக்க அதுக்குப் பக்கத்து நிலத்தை மொட்டையடிக்கிறது மீளமைப்போ?” என்று கேட்டேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வசனம் அது.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. “தம்பி, விதியிலை உள்ளூர்ச் செடி எண்டுதான் இருக்கு. எங்கையிருந்து பிடுங்கிறது எண்டு இல்லை.”

“ஆலா முட்டையெல்லாம் புதைஞ்சு போச்சு.”

“பறவைக்குச் செட்டை இருக்கு. வேறை இடத்துக்குப் போகும்.”

“முட்டைக்குச் செட்டை இல்லை அண்ணை.”

அவர் சோடாவை என் பக்கம் தள்ளினார். “நீங்கள் படிச்ச பிள்ளை. உங்களை மாதிரி ஒராள்தான் எங்களுக்கும் தேவை. அடுத்த பகுதிக்கு ஒரு பல்லுயிர் உதவியாளர் எடுக்கப்போறம். ஊர்ப் பிள்ளை எண்டால் முதலிடம். யோசியுங்கோ.”

அடுத்த பகுதி என்று அவர் சொன்னது திட்டியை. திட்டியில் இருக்கிற உயிர்களை எழுதிக்கொடுத்து, அதை அள்ள விடுகிற வேலை. எனக்கு வேலை இல்லை என்பது ஊர் முழுக்கத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. சோடாவில் ஒரு வாய் குடித்திருந்தேன். மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். வெளியே வந்து வெயிலில் நின்றேன். பெயர்ப்பலகைப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அரசாங்க ஆட்கள் வருகிற நாளுக்கு முதல்நாள் முழுக்கப் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து அடித்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்களே கொடியை நட்டார்கள். நடுவது என்றால், சாண் ஆழத்துக்குக் கொடியைச் செருகி மணலைத் தட்டிவிடுவது. தூரத்தில் நின்று பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. கிட்டப் போனால் இலைகள் வாடி, அடிப்பக்கம் கறுத்து, ஊறின கீரை மாதிரி மணந்தன. கழுதை கிடக்கிற இடத்தில் இன்னும் அந்தப் பழைய நாற்றமும் கலந்து வந்தது. அதற்கென்று யாரோ ஒரு பை சுண்ணாம்பு தூவியிருந்தார்கள்.

அரசாங்க ஆட்கள் மறுநாள் வாகனங்களில் வந்திறங்கினார்கள். தலைவராக வந்தவர் தமிழ் தெரிந்த, வயதான, நிதானமான மனிதர். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். களப்பொறுப்பாளர் கையை வீசிக் காட்டிக் காட்டி நடந்தார். படம் எடுக்கக் கம்பனிப் பெடியன் ஒருவன். பெண்கள் வரிசையில் நின்றார்கள், அக்காவும் நின்றாள். ஒருவரும் கூப்பிடாமலே நானும் போய் நின்றேன்.

“நல்லா வந்திருக்கு,” என்றார் தலைவர்.

“சேர், ஒருக்கா இதைப் பாருங்கோ,” என்று நான் குனிந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவே தேவையில்லை. கை பட்டதும் வந்தது. முனையில் வேர் இல்லை. வெந்தது போலக் கறுத்த ஒரு துண்டு. “வேரில்லை சேர். செருகி வைச்சிருக்கு. இன்னும் நாலைஞ்சு நாளிலை இது முழுக்கக் காய்ஞ்சிடும்.” இன்னொன்றையும் இழுத்தேன். அதுவும் வந்தது.

கம்பனிப் பெடியன் படம் எடுத்தான். கொடியை அல்ல. கொடியைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிற என்னை.

“தம்பி, தம்பி!” தலைவர் குடையை நீட்டி என்னை மறித்தார். “என்ன செய்யிறீர்? மீளமைச்ச இடத்திலை செடியைப் பிடுங்கலாமோ? படிச்ச ஆள் மாதிரித் தெரியுது, இதைத் தெரியாதோ?”

பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். என் கையில் அந்தக் கறுத்த துண்டு இருந்தது. எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இந்தக் கடற்கரையில் மண்ணை அள்ளினவன் இருக்கிறான், கழுதையைப் புதைத்தவன் இருக்கிறான், முட்டையை மூடவைத்தவன் இருக்கிறான். வாழிடத்தைச் சேதமாக்கினான் என்று அன்றைக்குப் பேச்சு வாங்கினவன் நான்.

அவர் அதோடு என்னை விட்டுவிட்டு, குடையை மற்றப் பக்கம் திருப்பினார். “இது என்ன, இந்த வெறும் மேடு?”

“அதுதான் சேர் அடுத்த பகுதி,” என்றார் களப்பொறுப்பாளர்.

“இதிலை ஒண்டுமில்லையே.”

“இல்லை சேர். செடி இல்லை, பறவை இல்லை. காத்துக்கு மணல் பறந்து சனத்துக்கும் கரைச்சல்.”

“சரியான தரிசு,” என்றார் தலைவர். “இதுக்கு அது எவ்வளவோ திறம்.” அது என்று காட்டியது செருகி வைத்த கொடியை.

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. எங்கள் கையாலே திட்டியின் தோலை உரித்து அங்கே போர்த்தினோம். போர்த்தின இடம் பச்சை என்று தேர்ச்சி பெற்றது. உரித்த இடம் தரிசு என்று அள்ளத் தோதாயிற்று. ஒரே பைக் கொடியால் இரண்டு வேலை. களப்பொறுப்பாளர் இதை முன்கூட்டியே யோசித்தாரா, இல்லை தற்செயலாக வாய்த்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தற்செயலாக வாய்த்திருந்தால் அது இன்னும் அருவருப்பான அரியண்டம். யோசிக்காமலே இவ்வளவு வசதியாக நடக்கிறது என்றல்லவா அர்த்தம்?

அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவள் கூட்டத்தில் கதைத்து நான் பார்த்ததில்லை.

“ஐயா, அது தரிசில்லை. அதிலை நிண்டதுதான் இது.” அவள் கையை இங்கும் அங்கும் காட்டினாள். “நாங்கள்தான் பிடுங்கினது. நானும்தான். இவை கேட்டவை, நாங்கள் பிடுங்கிக் குடுத்தனாங்கள். அதுக்குப் பின்னாலைதான் என்ர வீடு, என்ர கிணறு. வந்து பாருங்கோ.”

“பேசாமல் இரடி,” என்று மாமி பின்னால் இருந்து அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தா. “இன்னும் பிடுங்கச் சொல்லிக் காசு தருவினம், அதையும் கெடுக்காதை.”

தலைவர் அக்காவை மரியாதையாகத்தான் பார்த்தார். “அப்பிடியெண்டால், பிள்ளை, சேதமாக்கினது நீங்கள்தானே? கம்பனி பிடுங்கேல்லைத்தானே?”

“வந்து பாருங்கோ ஐயா,” என்று அக்கா திரும்பவும் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

கிணறு பார்க்க ஒருவரும் வரவில்லை. பனைக்குக் கீழே கதிரை போட்டுச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். பெண்களுக்கும் கொடுத்தார்கள். அக்கா வாங்கவில்லை, என் தோளில் இடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாகனங்கள் போன பிறகு காகங்கள் இறங்கின.

பவுசர் அதோடு வரவில்லை. கொடி காய்ந்து பழைய கயிறு மாதிரிக் கிடந்தது. காற்று அதையும் இழுத்துக்கொண்டு போய்ப் பலகையின் காலில் சுற்றியது. நிலம் தேர்ச்சி பெற்றுவிட்டது என்று களப்பொறுப்பாளரே என்னைத் தெருவில் மறித்துச் சொன்னார். சந்தோசமாகச் சொன்னார், எனக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். வேலைக்கு இன்னும் விண்ணப்பிக்கலாம் என்றார். முகத்தில் துப்பவேண்டும் போல இருந்தது. “இல்லை அண்ணை, வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். எங்களைப் பள்ளிக்கூடம் அப்படித்தான் வளர்த்திருக்கிறது.

மாரியின் முதல் மழை விழுந்த அன்று அக்கா மாமியிடம் போனாள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. பின்னேரம் மாமி தெருவில் நின்று கத்தியது மட்டும் கேட்டது: “பிடுங்கினவள் எல்லாம் வாங்கோடி! பிடுங்கத் தெரிஞ்ச கைக்கு நடத் தெரியாதோ?” மாமியின் கிணற்றிலும் அதற்குள் மணல் ஏறியிருந்தது.

நடுவதற்குக் கொடி எங்கே? திட்டியில் இல்லை. கம்பனி நிலத்தில் உயிரோடு நின்றது ஒரு மூலையில் மட்டும்தான். வேலையாட்களின் கக்கூஸ் தண்ணீர் வழிந்த மூலை அது. அங்கே மட்டும் வேர்பிடித்து, கொழுத்து, ஊதாப் பூவும் பூத்திருந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“இதை எப்பிடியடி தொடுறது?”

“பீயிலை வளந்தாலும் அதுதான் உயிரோடை நிக்குது,” என்றாள் அக்கா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

இந்த முறை வேரோடு தோண்டினார்கள். அதே உரப்பைகள்தான். திட்டியில் நானும் சேர்ந்து, காய்ந்த பனங்காவோலையை வரிசையாக ஊன்றிக் காற்றை மறித்து, அதற்குப் பின்னால் நட்டோம். எங்கள் உடம்பெல்லாம் நாறியது. அத்தான் அன்றைக்கு அக்காவை வீட்டுக்குள் விடவில்லை. கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிவிட்டுத்தான் விட்டார்.

இரண்டு நாளில் களப்பொறுப்பாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கம்பனியின் மீளமைப்பு நிலத்தில் செடி களவு போயிருக்கிறதாம். பொலிசுக்குப் போகவேண்டி வரும், தம்பி, உங்களுடைய படமும் இருக்கிறது என்றார். அக்கா என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

“தம்பி, பொலிசைக் கூட்டிக்கொண்டு வாரும். வந்தால் எந்தச் செடி எண்டு காட்டுறன், மணந்து பாக்கச் சொல்லும்.”

பொலிஸ் வரவில்லை. ஆனால் நில அளவைக்காரர் வந்தார்கள். திட்டி நெடுக மரமுளை அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். நட்ட கொடியில் பாதிதான் பிடித்திருந்தது. அதில் கொஞ்சத்தை அவர்களுடைய சப்பாத்து மிதித்துவிட்டது. அக்கா அடுத்த நாள் காலையில் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி காய்ச்சினாள். நல்ல காய்ந்த மரம், புகையே இல்லை என்று சொன்னாள். அவர்கள் திரும்ப அடித்தார்கள். அவள் திரும்ப எரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இரும்பு அடித்தார்கள்.

இது போன கிழமை. நான் டியூசன் முடித்துவிட்டுப் போனபோது, அக்கா திட்டியின் உச்சியில் ஒரு இரும்பு முளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிவரக் கொடி ஒரு முழ அகலத்துக்குப் படர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் மொட்டை. ஆலாக்கள் வருகிற காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. வந்தால் அவற்றுக்கு இது காணுமா என்று எனக்குத் தெரியாது.

“சும்மா நிக்காமல் பிடியடா,” என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேரும் ஆட்டினோம். மழை குடித்த மணல், இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அசையவில்லை.

“நாளைக்கு நெம்பிப் பிடுங்க அலவாங்கு கொண்டு வாறன்.”

“நாளைக்கு ஏன்? அத்தான் கரையிலை மீன்வாடியிலைதான் நிக்கிறார். இப்ப போய் வாங்கிக்கொண்டு ஓடி வா,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த முளைக்குப் போனாள்.